தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது

கயலுக்கு அப்பா எழுதுவது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாய், "இட்ஸ் ஓகே அப்பா" என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று வாயை மூடிக்கொள்வேன். இருபத்திரண்டு வருஷமாக நம் வீட்டில் நடப்பது அதுதானே. அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இந்த ஒரு பலனாவது கிடைக்கட்டும். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை, நீயே படி. மாப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. நீ முடித்த பிறகு அவர் படிக்கட்டும்.

அவர்தான் போன வாரம் இர்விங்கில் உங்கள் வீட்டிலிருந்து கூப்பிட்டார். அகில் ஒரு மாதமாக நாய்க்குட்டி கேட்டு அடம் பிடிக்கிறானாம். நீ முதலில் அலர்ஜி என்றாயாம், பிறகு அபார்ட்மென்ட் சின்னது என்றாயாம், அப்புறம் யார் வாக்கிங் கூட்டிப் போவது என்றாயாம். மாப்பிள்ளை விடாமல் கேட்டபோது, ஒன்பது வயதில் நான் ஒரு நாயைக் கொன்றிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, டிராயரைத் திறந்து ஒரு பழைய டென்னிஸ் பந்தை எடுத்துக் காட்டினாயாம். "மாமா, அது என்னங்க மாமா விஷயம்? அதுக்கு மேல கேட்டா அழுவறா" என்றார். நான் கராஜில் நின்றுகொண்டிருந்தேன். அப்படியே பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். இன்னும் கூப்பிடவில்லை.

நீ எந்த நாயையும் கொல்லவில்லை, கண்ணு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மீதியைப் படிக்காமல் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் இந்த ஒரு வரி உனக்கு வந்து சேரவேண்டும். பென்னி செத்தது என்னால். அது எப்படி என்று சொல்ல நம் ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நீ அந்த ஏரிக்கரையில் வளர்ந்தவள், ஆனால் அதன் கதையை நான் உனக்குச் சொன்னதே இல்லை. நீதான் ஒன்பது வயதுக்குப் பிறகு அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லையே.

அது கடவுள் வெட்டிய ஏரி கிடையாது. பக்கத்து வீட்டு ரஸ்ஸல் அங்கிள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருடைய தாத்தா காலத்தில் அங்கே ஓர் ஓடைதான் இருந்தது. ஐஸ் கம்பெனிக்காரன் ஒருவன் குறுக்கே அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினான். குளிர்காலத்தில் குதிரையைக் கட்டி ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்து, ரயிலேற்றி நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்ததும் அந்தத் தொழில் படுத்தது. பிறகு வந்தவன் கரையைச் சுற்றி மனை போட்டு, கோடையில் வந்து தங்கிப் போகச் சின்னச் சின்ன மர வீடுகளாகக் கட்டி விற்றான். இன்னின்ன சாதிக்காரனுக்கும் நிறத்தானுக்கும் விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி விற்றான். சாதி என்ற வார்த்தையை நான்தான் போடுகிறேன், அவர்கள் வேறு வார்த்தை போட்டார்கள். நம் வீட்டுப் பழைய பத்திரத்தில் அந்த வரி இன்னும் இருக்கிறது. செல்லாத வரிதான், இருந்தாலும் வாங்கிய அன்று அதைப் படித்துவிட்டு உன் அம்மா, "அப்படியா சேதி, அப்ப இங்கதான் இருக்கோணும்" என்றாள்.

ஹைவே வந்ததும் கோடை வீடெல்லாம் வருஷம் முழுக்க ஆள் இருக்கும் வீடாகிவிட்டது. இரண்டு மாதத்துக்கென்று தோண்டிய செப்டிக் டேங்க் பன்னிரண்டு மாதத்துக்கும் ஓடியது. எல்லாம் எங்கே கசியும்? பள்ளத்துக்குத்தான். மேலே லான், லானுக்கு உரம், உரம் மழையில் கரைந்து அதே பள்ளத்துக்கு. உரத்தைத் தின்று வெயிலில் பாசி கொழிக்கும். அதில் சாதாரணப் பாசியும் உண்டு, விஷப் பாசியும் உண்டு. படகு விட்டார்கள், மீன் பிடித்தார்கள், பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கினார்கள். எல்லோரும் ஏரியை அனுபவிக்கத்தான் வந்தார்கள். நாமும் அப்படித்தான் வந்தோம், ஈஸ்ட் பிரன்ஸ்விக் அபார்ட்மென்டைக் காலி செய்துவிட்டு, ஒரு மணி நேரம் வடக்கே. அந்த ஏரிக்கரையில் நாம் மூன்றாவது இந்தியக் குடும்பம்.

இங்கே என் முதல் தப்பைச் சொல்கிறேன். நம் லான் உனக்கு நினைவிருக்கும். அந்தத் தெருவிலேயே பச்சை. மஞ்சளாக ஒரு திட்டு விழுந்தால் எனக்குத் தூக்கம் வராது. இந்தியன் வீட்டுப் புல் காய்ந்து கிடக்கிறது என்று ஒருத்தன் சொல்லிவிடக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு. வருஷத்துக்கு நான்கு தடவை உரம் போட்டேன். மூட்டையில் எழுதியதற்கு மேல் ஒரு பிடி சேர்த்தே போட்டேன். நான் யார்? மருந்துக் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோல் பார்க்கிற கெமிஸ்ட். அந்த உரத்தில் என்ன இருக்கிறது, அது கரைந்து எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? நம் லான் சரிந்து இறங்குகிற இடத்தில்தான் ஏரி உள்வாங்கிய அந்தச் சின்ன வளைகுடா. தெரிந்துதான் போட்டேன். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்களே, அது என்னைப் போல் ஒருத்தனைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

ரஸ்ஸல்தான் என்னை ஏரிக்கரை வீட்டுக்காரர்களின் சங்கத்தில் சேர்த்துவிட்டார். பள்ளிப் பேருந்து ஓட்டி ரிட்டயர் ஆனவர், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், வீட்டில் அவரும் அவருடைய நாய் பென்னியும்தான். நம்மை மெம்பராகச் சேர்க்கச் சில பேர் முனகியபோது, இவர் கெமிஸ்ட், தண்ணீரைப் பார்த்துக்கொள்ள நமக்கு ஆள் வேண்டாமா என்று எழுந்து பேசியவர் அவர். அப்படித்தான் நான் தண்ணீர் கமிட்டிக்குத் தலைவன் ஆனேன். கமிட்டி என்றால் நான் ஒருத்தன்தான். வாராவாரம், எல்லோரும் குளிக்கிற மணல் கரையில், அதான் பீச்சில், தண்ணீர் எடுத்து லேபுக்கு அனுப்பவேண்டும். அந்த டெஸ்டில் கழிவுக் கிருமிதான் தெரியும், பாசி விஷம் தெரியாது. பாசிக்கு ஒரு வீட்டு வைத்தியம் மாதிரியான சோதனை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடி ஜாடியில் ஏரித் தண்ணீரை எடுத்து ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வை. பச்சை அடியில் படிந்தால் பயமில்லை. மேலே ஏடு மாதிரி மிதந்தால் அது விஷப் பாசியாக இருக்கலாம், உடனே சிவப்புப் பலகை மாட்டி ஏரியை மூடு, மேல் டெஸ்டுக்கு அனுப்பு. பலகை மாட்டும் அதிகாரம் எனக்கு இருந்தது. யாரையும் கேட்கவேண்டியதில்லை.

இப்போது அந்த ஆடிப்பெருக்கு. உன் அம்மா பவானிக்காரி. ஆடிப் பதினெட்டுக்கு ஓடுகிற தண்ணீரையோ நிற்கிற தண்ணீரையோ பார்த்து ஒரு விளக்கு விடாவிட்டால் அவளுக்கு அந்த வருஷமே ஓடாது. அதுவரை பாத்டப்பில் தண்ணீர் பிடித்துப் பூவைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏரிக்கரைக்கு வந்த பிறகு விடுவாளா? ஒரு வருஷம் முழுக்கச் சங்கத்தோடு மல்லுக்கட்டினாள். கடிதம், மீட்டிங், படம் வரைந்து விளக்கம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு, நாற்பது குடும்பத்துக்கு, அனுமதி கொடுத்தார்கள். தண்ணீரில் ஓர் இதழ்கூட மிச்சம் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. அவளும் நீச்சல் குளத்துக் குப்பை அள்ளுகிற வலை நான்கு வாங்கி, எந்தப் பெண் எந்த இடத்தில் நின்று பூவை அள்ளவேண்டும் என்று பட்டியலே போட்டுவிட்டாள்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து கீழே இறங்கிப் பார்த்தேன். நம் வளைகுடாவில் பச்சைப் பெயின்டைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் வைத்தேன். சனிக்கிழமை காலை பார்த்தால் பச்சை முழுக்க மேலே நிற்கிறது, கீழே தண்ணீர் தெளிவாக இருக்கிறது. நீ பால் எடுக்க வந்தாய். அது என்ன என்று கேட்டாய். தொடாதே என்றேன். அந்த பாட்டில் உனக்கு நினைவிருக்கிறதா? எனக்குத் தினமும் நினைவிருக்கிறது.

அடுப்படியில் உன் அம்மா புளியோதரைக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். போன் மேல் போன். எடிசனிலிருந்து ஒருத்தர், பிரின்ஸ்டனிலிருந்து ஒருத்தர், வழி கேட்டு, பார்க்கிங் கேட்டு. சிவப்புப் பலகை கராஜில் இருந்தது. போய் எடுத்து மாட்ட இரண்டு நிமிஷம் ஆகும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கணக்குப் போட்டேன். பாசி நம் வளைகுடாவில்தான் இருக்கிறது, பீச் அந்தப் பக்கம். காற்று இந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. பெண்கள் கால் நனைப்பார்கள், அவ்வளவுதான். திங்கள்கிழமை மாட்டிக்கொள்ளலாம். இப்போது மாட்டினால் நாற்பது குடும்பமும் திரும்பிப் போகவேண்டும், அடுத்த வருஷம் அனுமதி கிடைக்காது, உன் அம்மா முகத்தை நான் பார்க்கமுடியாது. அதோடு இன்னொன்று. பாசி எந்த லானுக்குக் கீழே படர்ந்திருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். உண்மையில் அதுதான் முதல் காரணம். மற்றதையெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். நானும் ஃபிரிட்ஜ் கதவை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பொய். பட்டுச் சேலைகள், மஞ்சள் கயிறு, வெற்றிலையில் சூடம். சங்கத் தலைவர் மனைவியோடு வந்து புளியோதரை சாப்பிட்டார். பெண்கள் வரிசையாக நின்று வலையால் ஒரு பூ விடாமல் அள்ளினார்கள். தலைவர் என் தோளைத் தட்டி, எங்கள் ஆட்களே இவ்வளவு சுத்தமாக வைத்துக்கொள்வதில்லை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பியது. அதைக் கவனித்தேன். பீச் பக்கம் தண்ணீரின் ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு விழுந்தது. அதையும் கவனித்தேன். குழந்தைகள் இடுப்பளவுத் தண்ணீரில் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். போதும் வாங்க, சாப்பாடு ஆறுது என்று கத்தினேன். பாதிப் பேர் வந்தார்கள்.

அப்போதுதான் உன்னைப் பார்த்தேன். பீச்சில் கூட்டம் என்று நீ பென்னியைக் கூட்டிக்கொண்டு கூப்பிடு தூரத்தில் இருந்த நம் வளைகுடாவுக்குப் போயிருந்தாய். பந்தைத் தண்ணீரில் எறிகிறாய், அது பாய்ந்து நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வருகிறது. உடம்பெல்லாம் பச்சை. கரையேறி நக்கிக்கொள்கிறது. நீ மறுபடி எறிகிறாய். என் ஒரு பக்கம் சங்கத் தலைவர். இன்னொரு பக்கம் ரஸ்ஸல், தன் நாய் நீந்துவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. ரஸ்ஸல், நாயைக் கூப்பிடுங்கள், தண்ணீர் சரியில்லை என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியம் போதும். தலைவர் ஏன் என்று கேட்டிருப்பார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டிருப்பார். அதனால் நான் தமிழில் கத்தினேன்.

"கண்ணு, நீ தண்ணியில எறங்காத. காலுகூட நனைக்காத, கேட்டியா?"

நீ திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாய். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. இரண்டடி பின்னால் போய், ஈரமில்லாத புல்லில் நின்றுகொண்டு பந்தை எறிந்தாய். ரஸ்ஸல் என்னிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார். சாப்பிட வரச்சொன்னேன் என்றேன். என் பிள்ளையை மட்டும் காப்பாற்றிக்கொள்ள நம் பாஷை எனக்கு உதவியது. பக்கத்தில் நின்றவருடைய நாய் அரை மணி நேரம் அந்தத் தண்ணீரில் நீந்தியது. நான் மோர் குடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை பென்னியை ஒரு பாத் டவலில் சுற்றி ரஸ்ஸல் தன் டிரைவ்வேயில் உட்கார்ந்திருந்தார். ஏதோ விஷம், ஈரல் போய்விட்டது என்று டாக்டர் சொன்னாராம். காளான் தின்றிருக்கும் என்று அவர் அந்த வாரம் முழுக்கத் தன் தோட்டத்தில் முட்டி போட்டு ஒவ்வொரு காளானாகப் பிடுங்கினார். நான் போய் உதவிகூடச் செய்தேன். அதை என்னவென்று சொல்ல! அவருக்குப் பக்கத்தில் முட்டி போட்டு நானும் காளான் பிடுங்கினேன், கயல்.

அந்தப் பந்தைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து அவர்தான் உன் கையில் கொடுத்தார். அது கடைசியாக உன்னோடு விளையாடியது, நீயே வைத்துக்கொள் என்றார். அவர் போன பிறகு நீ மாடிப்படியில் உட்கார்ந்து என்னைக் கேட்டாய். "நீங்க தண்ணி வேணாம்னு சொன்னீங்கப்பா. நான் பந்து போட்டேன். அதனாலயா?"

அந்த ஒரு நிமிஷம் என் கையில் இருந்தது. ஆமாம் கண்ணு, தண்ணீரால்தான், ஆனால் உன்னால் இல்லை, என்னால் என்று சொல்லியிருக்கவேண்டும். நான், "அதுக்கு வயசாயிடுச்சு, விடு. யாருகிட்டயும் சொல்லிட்டிருக்காத" என்றேன். நாலு வயது நாய்க்கு வயதாகிவிட்டது என்றேன். யாரிடமும் சொல்லாதே என்றால் ஒன்பது வயதுக் குழந்தைக்கு என்ன அர்த்தம்? தப்பு நடந்திருக்கிறது, அதை நீ செய்திருக்கிறாய், அப்பா மறைக்கிறார் என்றுதானே அர்த்தம். என் குற்றத்தைத் தூக்கி உன் மடியில் வைத்து, பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

அதோடு நின்றதா? அதே திங்கள்கிழமை போன் வர ஆரம்பித்தது. மூன்று வீட்டில் குழந்தைகளுக்கு வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு. ஒரு குழந்தையை ஆஸ்பத்திரியில் வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். எல்லோரும் சரசு ஆன்ட்டியைத்தான் பிடித்தார்கள். அவள்தான் தயிர் சாதம் கொண்டுவந்தவள். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து ஆகஸ்ட் வெயிலில் ஒரு மணி நேரம் காரில் வைத்துக்கொண்டு வந்தால் கெடாமல் என்ன செய்யும் என்றார்கள். பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். என்னிடமும் கேட்டார்கள், நான் கெமிஸ்ட் ஆச்சே. ஆமாம், பால் சமாச்சாரம் சூட்டில் சீக்கிரம் கெடும் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஓர் ஏரியையே தயிர் சாதத்தில் மறைத்தேன். சரசு அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் ஒரு டப்பா எடுத்து வந்ததில்லை. சிப்ஸ் பாக்கெட் வாங்கி வருவாள். நீ கவனித்திருப்பாய்.

பலகையைத் திங்கள்கிழமை மாட்டினேன், இன்று காலைதான் பார்த்தேன், நேற்று தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லி. பாசியைக் கொல்ல மயில்துத்தம் தெளிக்க ஏற்பாடு செய்தேன். பத்து நாளில் தண்ணீர் தெளிந்தது, கூடவே மீன் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. வேகமாக வேலை செய்தேன் என்று சங்கத்தில் எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு அனுமதி இல்லை என்றார்கள், பிள்ளைகளுக்கு உடம்புக்கு வந்ததைக் காரணம் காட்டி. உன் அம்மா அதை நிறவெறி என்று நம்பி அந்தத் தலைவரோடு அவர் சாகும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் திருத்தவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பேரைத் தூணாக நிறுத்தினேன் பார்.

உன் விஷயம் எனக்குப் புரியாமல் இருந்தது என்றும் சொல்லமாட்டேன். நீந்தத் தெரிந்த பெண் நீந்துவதை நிறுத்தினாய். ஏரியைப் பார்த்த ஜன்னல் இருந்த ரூமை வேண்டாம் என்றாய். பெரிய பெண்ணாகிறாள், அதுதான் என்று உன் அம்மா சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன். இரண்டு வருஷத்துக்கு முன் ரஸ்ஸல் போனபோது உன்னால் வரமுடியவில்லை, பூ அனுப்பினாய். அந்தக் கார்டை நான்தான் பிரித்து வைத்தேன். மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் எழுதியிருந்தாய். வருந்துகிறேன் என்று எழுதவேண்டிய இடத்தில். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் இரண்டு வருஷம் விட்டேன். ரஸ்ஸலிடம் இனி சொல்ல முடியாது. காளான்தான் என்று நினைத்துக்கொண்டே அவர் போய்விட்டார். அவர் அதற்குப் பிறகு வேறு நாய் வளர்க்கவும் இல்லை.

மாப்பிள்ளை போன் செய்த அன்று உன் அம்மாவிடம் சொன்னேன். மூன்றாம் நாள், "சரசு வூட்டுக்கு நீங்க மட்டும் போங்க. நான் வரமாட்டேன், நானும்தான் அவளைப் பேசியிருக்கறேன். ஆனா கயலுக்கு இன்னைக்கே எழுதுங்க" என்றாள். சரசு வீட்டுக்குப் போனேன். சோபா நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். காபி டம்ளரை என் கையிலிருந்து வாங்கி மேஜை மேல் வைத்தாள்.

"என்ர மாமியாரு அன்னைக்கு ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. சாகற வரைக்கும் என் கையால தயிரு வாங்கித் திங்கலீங்ணா" என்றாள். "இப்ப அதை அவங்ககிட்ட யாருங்ணா போயிச் சொல்றது?"

வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டாள். வருகிறேன் என்றேன். அவள் வாங்க என்று சொல்லவில்லை. அது அவளுடைய நியாயம்.

வரும் சனிக்கிழமை சங்கத்தின் வருஷாந்திரக் கூட்டம். அங்கேயும் எழுந்து சொல்லப்போகிறேன். இப்போது ஏரிக்கரையில் இருபது இந்தியக் குடும்பத்துக்கு மேல் இருக்கிறது. விஷயம் கேள்விப்பட்டு அதில் ஒரு பையன், உன் வயதுதான், கூப்பிட்டு, "இப்ப எதுக்கு அங்கிள்? நம்ம எல்லாரையும்தானே பேசுவாங்க" என்றான். அவன் சொல்வதும் நடக்கும். அந்தச் சனிக்கிழமை காலையில் நான் போட்ட கணக்கும் இதேதான், அதனால் அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏரி இந்தக் கோடையில் பாதி நாள் மூடித்தான் கிடக்கிறது. இப்போதெல்லாம் லேப் டெஸ்ட், எச்சரிக்கை, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நான் உரம் போடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, லான் மஞ்சளாகத்தான் கிடக்கிறது. ஆனால் போட்டதெல்லாம் சேற்றில் தங்கிவிட்டதாம். இன்றோடு எல்லோரும் நிறுத்தினாலும் அடிச்சேறு வருஷக்கணக்கில் பாசிக்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்கும் என்கிறார் ஏரியைச் சோதிக்க வருகிறவர். என் ஆயுளில் அது தெளியாது. அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் இங்கே கிழவனாகவேண்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் அப்பன் ஆயிற்றே, ஒன்று சொல்லிவிடுகிறேன். அகில் ஒருநாள் எதையாவது உடைத்துவிட்டோ, எதையாவது பார்த்துவிட்டோ உன்னிடம் வந்து, இது என்னாலயா அம்மா என்று கேட்பான். அடுப்பில் என்ன தீய்ந்தாலும் சரி, உட்கார்ந்து அவனுக்கு முழுப் பதிலும் சொல். விடு என்று மட்டும் சொல்லிவிடாதே. குழந்தைகள் எதையும் விடுவதில்லை. நாய்க்குட்டி வாங்குவதும் வாங்காததும் உன் இஷ்டம். வாங்காவிட்டால் அபார்ட்மென்ட் சின்னது என்ற காரணத்துக்காக வாங்காமல் இரு.

என்னை மன்னி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் அதுவும் உன் மடியில் இன்னொரு சுமையை வைக்கிற மாதிரி இருக்கிறது, அதனால் அடித்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். போன் எடுக்காதே, ஆகஸ்டில் வராதே, உன் அம்மாவிடம் மட்டும் பேசு. நான் தாங்கிக்கொள்வேன்.

ஆனால் ஒரு காரியம் செய். அந்த டிராயரில் இருக்கிற பந்து உன்னுடையது இல்லை. ரஸ்ஸல் ஆள் தெரியாமல் உன் கையில் கொடுத்துவிட்டார். அதை ஒரு டப்பாவில் போட்டு என் பேருக்கு அனுப்பிவிடு.

அப்பா